இதயத்தில் அதே குழி

மலேரியா ஒட்டுண்ணிக்குள் ஐயாயிரத்துக்கு மேல் புரதங்கள் உண்டு. அவற்றில் எதை அடித்தால் ஒட்டுண்ணி சாகும், நோயாளிக்கும் ஒன்றும் ஆகாது என்று கணினியில் தேடிச் சொல்வது அவள் வேலை. கையுறை போடாமல், சோதனைக் குழாயைத் தொடாமல், நாள் முழுக்கத் திரை முன்னால் உட்கார்ந்திருப்பவள் என்பதால் ஆய்வகத்தில் அவளுக்குக் 'கணக்கு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவளும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கப் பழகியிருந்தாள்.

சில ஆண்டுகளுக்கு முன் அவள் பொறுக்கி எடுத்துக் கொடுத்தது ஒரு நொதி. ஒட்டுண்ணி ரத்தச் சிவப்பணுவுக்குள் பெருகிய பிறகு அணுவைக் கிழித்துக்கொண்டு வெளியே வர அந்த நொதி வேண்டும். அது வேலை செய்யாவிட்டால் உள்ளேயே அடைபட்டுச் செத்துப்போகும். நொதியின் நடுவில் ஒரு குழி இருந்தது. சின்ன மூலக்கூறு ஒன்று அதற்குள் போய் உட்கார்ந்தால் போதும், நொதி முடங்கிவிடும். ஒவ்வொரு அமினோ அமிலத்துக்கும் ஓர் எழுத்து என்று புரதங்களை எழுதுவார்கள். மனித உடம்பின் எல்லாப் புரதங்களோடும் அதை எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்தாள். ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆய்வகத் தலைவர் வேதியியல்காரர். அந்தக் குழிக்குப் பொருந்தும் மருந்தைச் செய்தது அவர்தான். எலிக்குக் கொடுத்தார்கள், நாய்க்குக் கொடுத்தார்கள், ஒன்றும் ஆகவில்லை. கொஞ்சமாக மருந்து வாங்கிக்கொண்ட முதல் மனிதக் குழுவும் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனது. அன்று காலை, சாலைக்கு எதிர்ப்புறம் இருந்த மருத்துவமனையில், இரண்டாம் குழுவுக்குக் கூடுதல் அளவு மருந்து கொடுக்கத் தொடங்கியிருந்தார்கள்.

அதே காலையில் அவள் வேறு ஒரு வேலையாக இருந்தாள். புரதங்களை எழுத்தை வைத்து ஒப்பிடாமல் அவற்றின் வடிவத்தை வைத்து ஒப்பிடும் புதிய முறை ஒன்று வந்திருந்தது. அடுத்த மருந்துக்கான தேடலை அதில் செய்யலாம் என்று எல்லாவற்றையும் அமைத்து முடித்தாள். சரியாக ஓடுகிறதா என்று பார்க்க விடை தெரிந்த ஒன்றைக் கொடுத்துப் பார்ப்பது வழக்கம். பழைய நொதியைக் கொடுத்தாள். மனிதப் புரதம் எதுவும் வராது, திரை காலியாக இருக்கும் என்று நினைத்து டீ எடுத்துவரப் போனாள்.

திரும்பி வந்தபோது திரையில் ஒரு வரி இருந்தது, ஒரு மனிதப் புரதத்தின் பெயரோடு.

முதலில் சிரிப்புத்தான் வந்தது. எங்கேயோ எண்ணைத் தப்பாகக் கொடுத்திருக்கிறோம் என்று நினைத்தாள். திருத்திப் போட்டாள். மறுபடியும் அதே வரி. இரண்டு வடிவங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தாள். வெளிப்பக்கம் முழுக்க வேறு வேறு. நடுவில் இருந்த குழி மட்டும் அச்சு அசலாக ஒன்று. மருந்து மூலக்கூறை எடுத்து மனிதப் புரதத்தின் குழிக்குள் வைத்தாள். சொந்த வீட்டுக்குள் நுழைவது போல அது போய் உட்கார்ந்துகொண்டது.

அதிகம் யாரும் ஆராயாத புரதம் அது. உடம்பில் எங்கே இருக்கிறது என்று தேடினாள். இதயத் தசையில் நிறைய. வேறெங்கும் பெயருக்குத்தான்.

டீ ஆறிப்போனது. எலிக்கும் நாய்க்கும் ஒன்றும் ஆகவில்லையே என்ற நினைப்பு வந்ததும் கொஞ்சம் மூச்சு வந்தது. அதையும் பார்த்துவிடலாம் என்று எலியின் புரதத்தையும் நாயின் புரதத்தையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். இரண்டிலும் குழியின் வாயில் பருமனான ஓர் அமினோ அமிலம் நின்று வழியை அடைத்துக்கொண்டிருந்தது. மருந்து உள்ளே போகவே முடியாது. மனிதனில் அதே இடத்தில் இருந்தது மிகச் சின்னது. கதவு திறந்து கிடந்தது.

எழுந்தவள் நாற்காலி சாய்ந்து விழுந்ததைக்கூடக் கவனிக்காமல் தலைவரின் அறைக்குப் போனாள்.

தலைவர் மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றிவைத்துவிட்டு அதையே மேசையில் தேடிக்கொண்டிருந்தார். "வா கணக்கு, என் கண்ணாடிய பார்த்தியா?" என்றார்.

"தலையில இருக்கு சார். நீங்க கொஞ்சம் என் இடத்துக்கு வரணும். இப்பவே."

வந்து பார்த்தார். முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "நீதானேம்மா அப்போ பார்த்துச் சொன்ன, மனுஷன்ல இது கிடையாதுன்னு?"

"எழுத்துல கிடையாது சார். வடிவத்துல இருக்கு. துணி வேற, தையல் அளவு ஒண்ணு. அப்போ அளவெடுக்க நமக்கு வழி இல்ல."

"கம்ப்யூட்டர்ல உட்காருறதெல்லாம் உடம்புல உட்காராது. என் அனுபவத்துல நூத்துல ஒண்ணு உட்கார்ந்தா பெரிசு."

"அந்த ஒண்ணு இதுவா இருந்தா?"

அவர் எலியின் குழியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாயின் குழியைப் பார்த்தார். அவர் முகம் வெளிறிப்போவதை அவள் பக்கத்திலிருந்தே பார்த்தாள். வாழ்நாளில் பாதியை அந்த மருந்துக்குக் கொடுத்த மனிதர். தொலைபேசியை எடுத்து, சோதனையை நடத்தும் மருத்துவரைக் கூப்பிட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வார்டுக்குள் கைபேசி எடுக்க மாட்டார் என்று இருவருக்கும் தெரியும்.

"நடந்தே போயிடலாம்," என்றார். ஆனால் இருவரும் ஓடினார்கள்.

வார்டு மூன்றாம் மாடியில் இருந்தது. லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லாமல் படியேறினார்கள். தலைவர் நடுவழியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்று, "நீ போ, நீ போ" என்று கையை ஆட்டினார். அவள் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். வெள்ளை விரிப்புப் போட்ட படுக்கைகள். பெரும்பாலானவற்றில் ஆட்கள் சீட்டு விளையாடிக்கொண்டும் படுத்துக்கொண்டும் இருந்தார்கள். சன்னலோரம் இருந்த இரண்டு படுக்கைகளில் இருந்தவர்களின் மார்பில் மட்டும் ஒயர்கள் ஒட்டியிருந்தன. ஒன்றில் அகன்ற தோள்களோடு ஒரு பெண். இன்னொன்றில், ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தது அவளுடைய சொந்தத் தம்பி.

"அக்கா? நீ எங்க இங்க?"

லிஃப்ட் மெக்கானிக் அவன். இந்த வாரம் வெளியூரில் வேலை என்று அம்மாவிடமும் அவளிடமும் சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

"நீ எங்கடா இங்க?" என்றாள்.

"சொன்னா நீ விடமாட்டன்னு தெரியும். அதான் சொல்லல." ஆரஞ்சுச் சுளையை நீட்டினான். "அணைக்கட்டு வேலையில எங்கூட இருந்தவனைத் தோள்ல தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேனே, ஞாபகம் இருக்கா? குடுத்த மருந்து எதுவும் கேட்கல. மலேரியா காய்ச்சல்லயே போயிட்டான். அப்பதான் நெனச்சேன், எங்க அக்கா தேடுற மருந்துக்கு நாமளாவது உடம்பைக் குடுப்போம்னு. ஏன் முகம் இப்படி இருக்கு?"

"மாத்திரை போட்டியா?"

"காலையிலயே போட்டாச்சு. நானும் இந்த அக்காவும்தான் முதல் போணி." பக்கத்துப் படுக்கைப் பெண்ணைக் காட்டினான். "நீச்சல் சொல்லிக் குடுக்கிறவங்க. இங்க எல்லாரும் விசில் அக்கான்னு கூப்பிடுறோம். வாயைத் திறந்தா மூணு மாடிக்குக் கேட்கும்."

"உன் வாய்க்கு என் விசில் எவ்வளவோ தேவலை," என்றாள் விசில். பிறகு அவளைப் பார்த்து, "இவன் உங்களைப் பத்தித்தான் காலையிலிருந்து பேசிட்டிருந்தான்" என்றாள்.

மருத்துவர் வந்துவிட்டார். நிதானமான மனிதர். படியேறி வந்து சேர்ந்த தலைவர் மூச்சிரைக்கச் சொன்னதையும் அவள் திக்கித் திக்கிச் சொன்னதையும் வராந்தாவில் நின்று கேட்டார்.

"இது நிச்சயமா?"

"நிச்சயமில்ல டாக்டர்," என்றாள். "நடக்கலாம். நடக்காமலும் போகலாம். நடந்தா இதயத் துடிப்பு குறைஞ்சுகிட்டே போகும்னு நெனைக்கிறேன்."

மருத்துவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. மற்றவர்களுக்குக் கொடுக்கவிருந்த மாத்திரைகளை எடுத்துப் பூட்டச் சொன்னார். இதயப் பிரிவைக் கூப்பிட்டு, ரத்தக்குழாய் வழியாக இதயத்துக்குள் கம்பி செலுத்தித் துடிப்பைத் தூண்டும் கருவியோடு ஒரு நிபுணரை அனுப்பச் சொன்னார். பிறகு அவளிடம் திரும்பினார்.

"காலையில மாத்திரை போட்ட ரெண்டு பேர்ல ஒருத்தருக்குத்தான் மருந்து. இன்னொருத்தருக்கு வெறும் மாத்திரை. பார்க்க ஒரே மாதிரி இருக்கும். யாருக்கு எதுன்னு எனக்கே தெரியாது. மருந்தகத்துலதான் கேட்கணும். கேட்கிறேன். ஆனா அவங்க சட்டுனு சொல்லிட மாட்டாங்க, மேலிடத்து அனுமதி வேணும்."

அவள் திரும்பி வந்து இரண்டு படுக்கைகளுக்கும் நடுவில் நின்றாள். தலைமாட்டில் இரண்டு திரைகள். தம்பியின் திரையில் ஐம்பத்தெட்டு. விசிலின் திரையில் அறுபத்துநான்கு. தம்பியின் எண் குறைவாக இருந்தது. அவனுக்கு எப்போதுமே துடிப்பு குறைவுதானா? நாளெல்லாம் மாடிமாடியாக ஏறி இறங்குகிறவன், இருக்கலாம். அவளுக்குத் தெரியவில்லை. கூடப் பிறந்தவனின் இதயம் எத்தனை முறை துடிக்கும் என்று அதுவரை யாரும் அவளைக் கேட்டதில்லை. ஐம்பத்தேழு ஆயிற்று. மறுபடி ஐம்பத்தெட்டு.

அப்போது அந்த நினைப்பு வந்தது. மருந்து அவளுக்குப் போயிருக்கட்டும். விசிலுக்குப் போயிருக்கட்டும். இவனுக்கு வேண்டாம்.

வந்ததும் உடம்பு கூசிப்போனது. விசில் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நினைத்தது நெற்றியில் எழுதியிருக்கிறதோ என்று தோன்றியது. குனிந்து, விலகாத விரிப்பைச் சரிசெய்தாள்.

"ஏதோ சரியில்ல, இல்ல?" என்றாள் விசில். இப்போது அவள் குரல் தாழ்ந்திருந்தது. "மறைக்காம சொல்லுங்க."

அவள் சொன்னாள். யாருக்கு என்று தெரியாது, இருவரில் ஒருவருக்கு, இதயத்தில் பிரச்சினை வரலாம், வராமலும் போகலாம் என்று. தம்பி ஆரஞ்சை வைத்துவிட்டான். பக்கத்தில் சீட்டாடிக்கொண்டிருந்தவர்களும் நிறுத்திவிட்டார்கள்.

"அக்கா, பயமா இருக்கு," என்றான் தம்பி, சின்ன வயதில் இடி இடித்தால் சொல்லும் அதே குரலில். அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். யார் கை சில்லிட்டிருந்தது என்று தெரியவில்லை.

விசில் தன் கணவருக்குப் பேசினாள். "ஒண்ணுமில்ல, சும்மா வந்துட்டுப் போங்க" என்றாள். "இல்ல, சாப்பாடெல்லாம் வேண்டாம். நீங்க வாங்க."

இதயப் பிரிவிலிருந்து நிபுணரும் செவிலியும் தள்ளுவண்டியோடு வந்து நின்றார்கள். மருந்தகத்திலிருந்து பதில் வரவில்லை. மதிய வெயில் சன்னல் வழியாகத் தரையில் ஏறிக்கொண்டிருந்தது. மருந்து ரத்தத்தில் உச்சத்துக்கு ஏறும் நேரம் இது என்று தலைவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

"லேசா தலை சுத்துது," என்றாள் விசில்.

எல்லோரும் அவள் திரையைப் பார்த்தார்கள். ஐம்பத்திரண்டு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே நாற்பத்தாறு. மலைபோல் எழுந்து இறங்கும் கோட்டில் இடைவெளி விழத் தொடங்கியது. மருத்துவர் பேசிக்கொண்டிருந்ததைப் பாதியில் விட்டுவிட்டு வந்தார். விசில் எதையோ சொல்ல வாயெடுத்தாள். கண் மேலே செருகியது. கோடு நேராக ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது. அதற்குள் யாரோ அவள் மார்பின்மேல் இரண்டு கையையும் வைத்து அழுத்தத் தொடங்கிவிட்டார்கள்.

திரைச்சீலையை இழுத்துவிட்டார்கள். அவளுக்குக் கேட்க மட்டும்தான் முடிந்தது. உலோகத் தட்டு மோதும் சத்தம். நிபுணர் குரல்: "கழுத்து வழியா போறேன். ஆட்டாதீங்க." யாரோ எண்ணும் குரல். அவள் தம்பியின் திரையைப் பார்த்தாள். அறுபத்தொன்று. பயத்தில் ஏறியிருந்தது. அவ்வளவுதான். அவனுக்குப் போனது வெறும் மாத்திரை.

உடம்பெல்லாம் தளர்ந்து ஒரு நிம்மதி இறங்கியது. அதை அவளால் தடுக்க முடியவில்லை. சீலைக்கு அந்தப் பக்கம் ஒருத்தி செத்துக்கொண்டிருக்கிறாள், இந்தப் பக்கம் இவள் தம்பியின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நிம்மதியாக மூச்சு விடுகிறாள். அதை நினைத்ததும் எழுந்துபோய் வராந்தாக் குழாயடியில் வாந்தி எடுத்தாள்.

முகம் கழுவி நிமிர்ந்தபோது சுவரோரம் ஒருவர் நின்றிருந்தார். சின்ன உருவம். கையில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு.

"அவ கால்ல ஆஸ்பத்திரி தரை குளிரும்னு எடுத்துட்டு வந்தேன்," என்றார். "உள்ள விடமாட்டேங்கிறாங்க. நீங்க டாக்டரா?"

"இல்லீங்க. எதிர்ல ஆய்வகத்துல கம்ப்யூட்டர்ல வேலை."

"அப்போ இங்க?"

தம்பி உள்ளே இருக்கிறான் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அதுவும் பொய் இல்லை. "உங்க வீட்டுக்காரம்மா சாப்பிட்ட மருந்துக்கு, ஒட்டுண்ணியில இந்த இடத்தை அடிக்கலாம்னு தேடிச் சொன்னது நான்தான்," என்றாள். "அதே மாதிரி இடம் மனுஷ இதயத்துலயும் இருக்குன்னு இன்னைக்குக் காலையிலதான் தெரிஞ்சுது. தெரிஞ்சதும் ஓடி வந்தோம். அதுக்குள்ள போட்டுட்டாங்க."

அவர் அவளையே பார்த்தார். திட்டுவார், அடிப்பார் என்று காத்திருந்தாள். அடித்தாலும் நன்றாக இருக்கும் போலிருந்தது.

"உயிரோட இருக்காளா?" என்று கேட்டார்.

"தெரியல."

"பார்த்துட்டு வந்து சொல்றீங்களா? உங்களை விடுவாங்க."

அவள் உள்ளே போனாள். சீலை விலகியிருந்தது. விசிலின் கழுத்தில் ஒரு குழாய், அதிலிருந்து ஒரு கம்பி, கம்பியின் முனையில் ஒரு சின்னப் பெட்டி. பெட்டி ஒவ்வொரு முறை மின்னும்போதும் திரையில் ஒரு கோடு எழுந்தது. தலைவர் படுக்கையின் கால்மாட்டில் நின்று மருத்துவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "இது ஒட்டிக்கிற மருந்தில்ல. ரத்தத்துல அளவு குறையக் குறையக் குழியை விட்டு வெளிய வந்துடும். ரெண்டு நாள் தாக்குப் பிடிச்சா போதும். எலியில அப்படித்தான்..." என்று தொடங்கியவர், எலி என்று சொன்னதும் வாயை மூடிக்கொண்டார்.

"கம்பி முன்னாடியே வந்து நின்னதால தப்பிச்சாங்க," என்றார் மருத்துவர். "கீழேயிருந்து எடுத்துட்டு வரணும்னா நேரம் பத்தாது. ஆனா இன்னும் ஒண்ணும் சொல்ல முடியாது."

வெளியே வந்து அதை அப்படியே அந்த மனிதரிடம் சொன்னாள். அவர் செருப்பைத் தரையில் வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.

இரண்டாம் நாள் மாலை பெட்டியை ஒரு நிமிடம் நிறுத்திப் பார்த்தார்கள். இதயம் தானாகத் துடித்தது. நொண்டி நொண்டித்தான், ஆனாலும் துடித்தது. அடுத்த நாள் அறுபதைத் தொட்டது. விசிலுக்கு முழு நினைவும் வந்ததும் முதலில் கேட்டது, பக்கத்துப் படுக்கைப் பையனுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று. தம்பி அதை வந்து சொன்னபோது அவளால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

சோதனை நின்றது. விசாரணை நடந்தது. அவளும் தலைவரும் தெரிந்ததையெல்லாம் சொன்னார்கள். மருந்தை அப்படியே கைவிட்டார்கள். அக்காவின் ஆய்வகச் சோதனையில் தம்பி சேர்ந்தது எப்படி என்று தனியாக ஒரு விசாரணையும் நடந்தது. அம்மா மூன்று நாள் இருவரோடும் பேசவில்லை. நான்காம் நாள் இரண்டு பேரையும் ஒன்றாக உட்காரவைத்துத் திட்டித் தீர்த்தாள்.

அவள் வேலைக்குத் திரும்பினாள். தலைவர் அடுத்த புரதத்தைக் கேட்டார். நாலைந்தை எடுத்து வைத்திருந்தாள். எதையும் கொடுக்கக் கை வரவில்லை. வடிவத்தை வைத்துத் தேடினாள், எழுத்தை வைத்துத் தேடினாள், எலி, நாய், குரங்கு என்று வரிசையாக நிறுத்தி வைத்து, ஒவ்வொன்றும் எந்த இடத்தில் மனிதனிலிருந்து மாறுகிறது என்று பார்த்தாள். ஒன்றும் வராதபோதும் பயந்தாள். இன்னும் பார்க்கத் தெரியாதது எதுவோ அங்கே இருக்கிறது என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

"இப்படியே பார்த்துட்டிருந்தா எப்பத்தான் தருவ?" என்றார் தலைவர் ஒருநாள். கோபமாகக் கேட்கவில்லை.

"பயமா இருக்கு சார்."

"எனக்கும்தான். பயத்தோடயே குடு. காய்ச்சல் நமக்காகக் காத்துட்டிருக்கப் போறதில்ல."

மழை விட்ட ஒரு காலையில் தம்பி வந்து, "விசில் அக்காவை இன்னைக்குத் தண்ணியில இறங்க டாக்டர் விட்டிருக்காரு. உன்னையும் கூட்டிட்டு வரச் சொன்னாங்க" என்றான். வரமாட்டேன் என்றாள். அவன் அவள் செருப்பை எடுத்துக் காலடியில் போட்டான்.

நீச்சல் குளத்தில் கூட்டம் இல்லை. விசில் இளைத்திருந்தாள். ஆழமில்லாத பக்கத்தில் மார்பளவு தண்ணீரில் நின்று, ஓரத்துக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் கணவர் கரையில் குந்தியிருந்தார். இவர்களைப் பார்த்ததும் விசில் தலையை ஆட்டினாள். கம்பியை விடவில்லை.

"எத்தனை பிள்ளைங்களை இதுக்குள்ள தள்ளிவிட்டிருப்பேன்," என்றாள். "இப்போ எனக்குக் கை வரமாட்டேங்குது. நடுவுல போய் அது நின்னுடுச்சுன்னா?"

டாக்டர் சரி என்று சொல்லியிருக்கிறார் என்று எடுத்துச் சொல்லியிருக்கலாம். அவள் சொல்லவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு படியில் இறங்கினாள். நீச்சல் தெரியாதவள். தண்ணீர் இடுப்புக்கு வந்தபோது மூச்சு அடைத்தது. ஆனாலும் போய்ப் பக்கத்தில் நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்களுக்கு என்ன?" என்றாள் விசில். "உங்களுக்கும் நடுங்குதே."

"ஆமா."

பிறகு விசில் ஒரு கையை எடுத்து அவள் தோளில் வைத்தாள். வைத்துப் பார்த்துவிட்டு இன்னொரு கையையும் கம்பியிலிருந்து எடுத்தாள். "நகராதீங்க," என்றாள். "இந்த முனையிலிருந்து அந்த முனைக்குத்தான். நான் வர்றவரைக்கும் இங்கயே நில்லுங்க."

அவள் நகரவில்லை. விசில் தண்ணீருக்குள் தலையைக் கொடுத்து மெல்லக் கைவீசிப் போவதை, கரையில் எழுந்து நின்றுவிட்ட கணவரோடும் தம்பியோடும் சேர்ந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.